பதினாலு மீட்டர்

மனிதர்களில் இரண்டே வகைதான் உண்டு. ஓடுகிறவர்கள் ஒரு வகை. அவர்கள் ஓடுவதற்குக் கோடு போடுகிறவர்கள் இன்னொரு வகை. மற்ற பிரிவினைகள் எல்லாம் பொழுது போகாதவர்கள் பின்னால் சேர்த்தவை.

இந்த உண்மையை உலகுக்கு அறிவித்தவர் மின்னல். அறிவித்த நேரம், வியாழக்கிழமை காலை பத்தே கால். இடம், கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளிக்கு எதிரே இருக்கும் அவருடைய ஜெராக்ஸ் கடையில், இரண்டாம் மெஷினின் வயிறு. காகிதம் சிக்கியிருந்ததால் அவருடைய தலையும் ஒரு கையும் உள்ளே இருந்தன. உலகத்தின் சார்பில் அங்கே நின்று கேட்டுக்கொண்டிருந்தது அவர் மனைவி மட்டும்.

"கேக்குதா?" என்றார் உள்ளேயிருந்து.

"கேக்குது. மொதல்ல அந்தப் பேப்பர வெளிய எடுங்க."

"நான் எவ்வளவு பெரிய விஷயம் சொல்றேன், நீ பேப்பர்ங்கற."

"பெரிய விஷயத்த மத்தியானம் சொல்லுங்க. நாப்பது சர்டிபிகேட் சனிக்கிழமைக்குள்ள போகணும்."

பள்ளிக்கு அறுபது வயது ஆகியிருந்தது. அதற்காகப் பழைய விளையாட்டு வீரர்கள் இருபது பேருக்கும், விளையாட்டுக்காகச் சம்பளம் வாங்காமல் உழைத்த தொண்டர்கள் இருபது பேருக்கும் சனிக்கிழமை மரியாதை. சான்றிதழ்களை அடித்து, லேமினேஷன் செய்து, காலை ஒன்பதுக்குள் ஒப்படைப்பது இந்தக் கடையின் பொறுப்பு. மின்னல் அந்த இருபது வீரர்களில் ஒருவர். அது சந்தோஷம். இருபது தொண்டர்களுக்கும் அதே அளவு அட்டை, அதே தங்க நிற பார்டர் என்பதுதான் அவருக்கு நெஞ்சைக் கரித்தது.

"தண்ணி ஊத்தினவங்களுக்குக் குடுக்கட்டும், தாகம் தணிஞ்சுது. பனியன் துவைச்சவங்களுக்குக் குடுக்கட்டும், துணி வெளுத்துது. கோடு போட்டதுக்கு ஒரு சர்டிபிகேட்டா? ஒரு மழை பெஞ்சா கோடு போச்சு. ஓடுறவன் ஓடினாத்தான் அது கோடு. ஓடலேன்னா அது சும்மா கொட்டிக் கெடக்கற சுண்ணாம்பு."

"அது எங்க அண்ணன்."

"அதனாலதான் மரியாதையா சொல்லிக்கிட்டிருக்கேன்."

அவள் லேமினேஷன் மெஷினைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சூடேறவில்லை. தனக்கு ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுடைய அண்ணன் தச்சர். இருபத்தேழு வருடமாக, பள்ளியில் விளையாட்டுப் போட்டி என்றால் முந்தின நாளே உளியையும் ரம்பத்தையும் தூக்கி வைத்துவிட்டு மைதானத்துக்குப் போய்விடுவார். அடியில் ஓட்டை போட்ட பால் பவுடர் டின்னில் சுண்ணாம்புத் தூளை நிரப்பி, கட்டிய கயிற்றை ஒட்டி, குனிந்தபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து கோடு போடுவார். யாராவது குறுக்கே வந்தால் "கோட்ட மிதிக்காதீங்க" என்பார். இருபத்தேழு வருடத்தில் அந்த மனுஷன் சபையில் பேசிய பேச்சு அது ஒன்றுதான் என்பது மின்னலின் கணிப்பு. வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்காரும்போது அந்தக் குரலிலேயே சொல்லிக் காட்டுவார். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தவரைக்கும் சிரித்தார்கள். இப்போது வெளியூரில் படிக்கிறார்கள்; அதற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

மின்னலுக்கென்று இருந்தது ஓர் எண். ஐம்பது புள்ளி எட்டு. பள்ளியின் நானூறு மீட்டர் ஓட்டத்தில் இறுதி வகுப்பு படிக்கும்போது அவர் எடுத்த வினாடிகள்; மின்னல் என்ற பட்டப்பெயரும் அதில் வந்ததுதான். இருபத்தேழு வருடமாக அதை யாரும் முறியடிக்கவில்லை. கடையின் பெயர்ப் பலகையில் அந்த எண் இருந்தது. வைஃபை பாஸ்வேர்டும் அதுதான். வீட்டின் நம்பர் பூட்டு 508-ல்தான் திறக்கும். அது தெரு முழுக்கத் தெரியும் என்பதால் பூட்டுவதும் பூட்டாததும் ஒன்று. அந்த ஓட்டத்தைப் பார்த்து வாய் பிளந்துதான், சில வருடம் கழித்து, தச்சர் தன் தங்கைக்கு அவரைப் பேசி முடித்தார். "என் கோட்டுல ஓடின பையன்" என்பதைத் தவிர வேறெதையும் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்கலாம் என்று தங்கைக்கு அவ்வப்போது தோன்றும்.

மதியம் இரண்டு மணிக்கு அண்ணன் வந்தார். முழங்கால் வரை மண். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"வாங்க மச்சான்," என்றார் மின்னல். "உங்க சர்டிபிகேட்டுத்தான் ஓடிக்கிட்டிருக்கு. கோடு போட்ட மாதிரி நேரா வந்திருக்கு பாருங்க."

அண்ணன் உட்காரவில்லை. பொட்டலத்தைப் பிரித்து மேஜை மேல் வைத்தார். துருப்பிடித்த இரும்பு முளை ஒன்று.

"என்னண்ணா இது?"

"மேடைக்குக் குழி தோண்டினோம்மா. கடப்பாரையில ணங்குன்னு பட்டுது. பாத்தா நான் அடிச்ச முளை. அந்த வருஷம் அடிச்சது." அவர் மின்னலைப் பார்த்தார். "மாப்ள ஓடின வருஷம்."

"ஞாபகார்த்தமா வச்சுக்கலாம்," என்றார் மின்னல். "கண்ணாடிப் பெட்டியில போட்டு, கீழ ஐம்பது புள்ளி எட்டுன்னு எழுதி…"

"அந்த முளையெல்லாம் மண்ணுக்குள்ள அப்படியே இருக்கு. பழக்க தோஷம், புது டேப்ப எடுத்து ஒரு சுத்து அளந்து பாத்தேன்." அண்ணன் முளை மேலிருந்த மண்ணை விரலால் துடைத்தார். "பதினாலு மீட்டர் கொறையுது மாப்ள."

மெஷின் ஒரு சான்றிதழைத் துப்பியது. யாரும் எடுக்கவில்லை.

"எதுல கொறையுது?"

"நானூறுல."

அண்ணன் விவரம் சொன்னார். அன்றைக்குப் பள்ளியில் இருந்த டேப்பின் முனை பிய்ந்திருந்தது. தச்சு வேலையில் முனை சரியில்லை என்றால் சைபரில் பிடிக்க மாட்டார்கள். ஒன்றில் பிடித்து அளப்பார்கள். அப்புறம் அந்த ஒன்றை ஈடுகட்டிக்கொள்வார்கள். கை தானாகச் செய்யும் வேலை அது. மைதானத்திலும் அவர் ஒன்றில்தான் பிடித்தார். ஈடுகட்டுவது நடக்கவில்லை.

"டேப்பு முப்பதுன்னு காட்டும். தரையில இருபத்தொம்பதுதான். ஒரு சுத்துக்குப் பதினாலு தடவ இழுத்தோம். தடவைக்கு ஒண்ணு போச்சு. நீங்க ஓடினது முந்நூத்தி எண்பத்தாறு."

"இத்தன வருஷமா யாருக்கும் தெரியலயா?" என்றாள் அவள்.

"அடுத்த வருஷமே டிரில் மாஸ்டர் புது டேப் வாங்கி, வெளிப்பக்கமா வேற முளை அடிச்சிட்டாரும்மா. அதுலேர்ந்து அவர் முளை மேலதான் நான் கோடு போடறேன். பழச யாரும் நினைக்கல."

அதனால்தான் இருபத்தேழு வருடமாக எவனாலும் முறியடிக்க முடியவில்லை என்பது அவளுக்கு உடனே விளங்கியது. விளங்கியதை முகத்தில் காட்டாமல் இருப்பதற்காக ஸ்டேப்ளரைத் திறந்து பின் இருக்கிறதா என்று பார்த்தாள்.

மின்னல் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்தினார். "மண்ணு சுருங்கியிருக்கும்."

"மண்ணா?"

"இருபத்தேழு வருஷம் மழையில நனைஞ்சு வெயில்ல காஞ்சா எதுதான் சுருங்காது?"

"நீங்க சட்டையச் சொல்றீங்க," என்றாள் மனைவி.

"ஜெயிச்சது ஜெயிச்சதுதான் மாப்ள," என்றார் அண்ணன். "எல்லாரும் அதே சுத்துலதான் ஓடினாங்க, நீங்கதான் முதல்ல வந்தீங்க. அத யாரும் எடுக்க முடியாது. ரெக்கார்டு மட்டும்தான் இல்ல."

"ரெக்கார்டு *மட்டும்*."

"நான் பாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிட்டேன். 'இது பாவம் இல்லப்பா, தப்பு. சம்பந்தப்பட்டவங்ககிட்ட போய்ச் சொல்லு'ன்னார். வந்ததுக்கு மூணு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். நான் பதினாலு சொன்னேன்."

"சம்பந்தப்பட்டவன்கிட்ட சொல்லிட்டீங்க. சரி. போய் டீ குடிங்க. விஷயம் முடிஞ்சுது."

"முடியல மாப்ள. கோடு சரியா போட்டேன்னு எனக்குச் சர்டிபிகேட். நானூறு ஓடினீங்கன்னு உங்களுக்குச் சர்டிபிகேட். ரெண்டும் ஒரே மேடையில. என்னால சும்மா வாங்கிட்டு வர முடியாது. உங்களுதுல நானூறுன்னு இருந்தா, நான் மைக்குல சொல்லிடுவேன்."

இருபத்தேழு வருடம் ஒரே ஒரு வாக்கியம் பேசிய மனுஷன் இரண்டாவதாகப் பேச இதைத் தேர்ந்தெடுத்திருந்தார்.

"சொல்லுங்க," என்றார் மின்னல். "சொல்லிட்டு என் வீட்டு வாசப்படிய மிதிக்காதீங்க."

அண்ணன் முளையை மறுபடி செய்தித்தாளில் சுற்றினார். "இனிமே நான் கோடும் போடல. என் கைய எனக்கே நம்பிக்கையில்ல." அப்படியே போய்விட்டார்.

"உங்க ரெண்டு பேருக்கும் மிதிக்காதேங்கறதத் தவிர வேற பேச்சே கெடையாதா?" என்றாள் அவள், யாரும் இல்லாத வாசலைப் பார்த்து.

வெள்ளிக்கிழமை முழுக்க மின்னல் கணக்குப் போட்டார். பழுதான பிரதிகளின் பின்பக்கங்கள் எல்லாம் எண்கள். ஐம்பது புள்ளி எட்டை நானூறால் பெருக்கி முந்நூற்று எண்பத்தாறால் வகுத்தால் ஐம்பத்திரண்டு புள்ளி ஆறு வந்தது. நாலு தடவை போட்டார். நாலு தடவையும் அதுவே வந்தது. கால்குலேட்டரை மாற்றினார்.

"ஐம்பத்திரண்டு புள்ளி ஆறுக்கு எவன் மின்னல்னு பேர் வைப்பான்?"

"நல்லாத்தான் ஓடியிருக்கீங்க. நான் ஓடினா ரெண்டு நாள் ஆகும்."

"கிண்டல் பண்ணாத. அப்ப நம்ம கல்யாணமும் செல்லாதுன்னு சொல்லு. உங்க அண்ணன் அந்த ரெக்கார்ட நம்பித்தானே பேசி முடிச்சார்."

"அத பாதர்கிட்ட கேளுங்க. எனக்கும் தெரியணும்."

பகல் பூராவும் ஆள் வந்துகொண்டிருந்தது. ஆதார் கார்டு நகல், பாஸ்போர்ட் போட்டோ, யாரோ ஒருவருடைய முந்நூறு பக்க ஆய்வேடு. ஒவ்வொரு வாடிக்கையாளரும் "நாளைக்கு உங்களுக்கு மரியாதையாமே" என்று கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவர் "ஆமா" என்பதை வேறு வேறு சுதியில் சொன்னார். சாயங்காலத்துக்குள் அது இருமல் மாதிரி ஆகிவிட்டது.

அவள் முப்பத்தொன்பது சான்றிதழை முடித்திருந்தாள். ஓரம் வெட்டும் கத்தியை அழுத்தி அழுத்தி வலது தோள் இற்றுப்போயிருந்தது. நாற்பதாவது மட்டும் திரையில் நின்றது. 'நானூறு மீட்டர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. அடித்தால் அண்ணன் மைக்கைப் பிடிப்பார். அடிக்காவிட்டால் புருஷன் போகமாட்டார். இரண்டு ஆண்பிள்ளைகள், ஐம்பதை நெருங்கும் வயது, நடுவில் பதினாலு மீட்டர். அந்தத் தூரத்தை அவள் தினமும் அடுப்படிக்கும் மொட்டை மாடிக்கும் நாற்பது தடவை நடக்கிறாள். அவளுக்கு யாரும் கடிகாரம் பிடித்ததில்லை.

போன் அடித்தது. பள்ளியின் தலைமை ஆசிரியை, சிஸ்டர்.

"சர்டிபிகேட் ரெடியாம்மா?"

"ஒண்ணே ஒண்ணுதான் சிஸ்டர் பாக்கி. காலையில கொண்டாந்துடறேன்."

"நல்லது. இன்னொண்ணு. பழைய வீரர்கள் எல்லாரும் மைதானத்த ஒரு சுத்து நடந்து வரணும்னு ஏற்பாடு. உங்க அண்ணன் இன்னும் கோடே போடல. கேட்டா, கை வலிக்குதுங்கறார். எந்தக் கைன்னு கேட்டேன், யோசிக்கிறார். கொஞ்சம் சொல்லுங்களேன்."

"சொல்றேன் சிஸ்டர்."

வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். கடையை அவரிடம் விட்டுவிட்டு அண்ணனைக் கூட்டிவரப் போனாள். பட்டறையில் மர இழைப்புக்கு நடுவே அவர் ஒரு ஜன்னல் சட்டத்தை மூன்றாவது முறையாக அளந்துகொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கடைக்குக் கொண்டுவந்து ஸ்டூலில் உட்கார வைத்தாள். ஆளுக்கொரு டீ, ஆளுக்கொரு பன்.

"இப்ப ரெண்டு பேரும் பேசி முடிங்க. நான் மெஷின அணைக்கணும்."

"பேச என்ன இருக்கு?" என்றார் மின்னல். "தச்சு வேலையே தெரியாதவன் செஞ்சிருந்தாக்கூடப் பரவால்ல. ஒரு டேப்ப நேரா பிடிக்கத் தெரியல. இதுக்குத்தான் சொன்னேன், கோடு போடறதெல்லாம் ஒரு வேலையான்னு. கவனமா செய்யற வேலைன்னா கவனமா செஞ்சிருப்பாங்க."

"ஆமா மாப்ள. என் தப்புதான்."

"ஆமாவாம். இவ்வளவு ஈஸியா ஒத்துக்கிட்டா நான் எப்படி மேல திட்டுறது?"

அவளுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. "அண்ணா, முப்பது மீட்டர் டேப்ப தனியா ஒரு ஆள் இழுக்க முடியாதே. இந்த முனையில நீங்க. அந்த முனையில யாரு?"

அண்ணன் பன்னைப் பிய்த்து டீயில் நனைத்தார். அது உடைந்து உள்ளே விழுந்தது. "யாரோ ஒரு பையன். முளை அடிக்கறதுக்கு."

"ஈடுகட்டணும்னு அவன்கிட்ட சொல்லலியா?"

"சொன்னேனோ என்னவோ. ஞாபகமில்ல. அளந்தது நான்தானே."

"கையில குச்சி கிச்சி எதுவும்…" என்று மின்னல் ஏதோ ஆரம்பித்தார். ஆரம்பித்த இடத்திலேயே வாய் நின்றது. டீ கிளாஸைக் கீழே வைத்தார். பாதிக்கு மேல் இருந்தது. இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் டீயை மிச்சம் வைத்து அவள் பார்த்ததில்லை. காய்ச்சல் வந்தபோதுகூடக் குடித்திருக்கிறார்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. தலவலி." எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது பெயர்ப் பலகையை நிமிர்ந்து பார்க்கவில்லை. தினமும் பார்ப்பார்.

அண்ணன் டீயில் விழுந்த பன்னை ஸ்பூனால் எடுத்துக்கொண்டே, "நாளைக்கு நான் வரல்லேன்னு சிஸ்டர்கிட்ட சொல்லிடும்மா," என்றார். "நான் வரல்லேன்னா மைக்கும் இல்ல, வம்பும் இல்ல. நானூறுன்னே அடிச்சிடு. மாப்ள நல்லா இருக்கட்டும்."

"நேத்தே இதச் சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"நேத்து தோணல."

அவளுக்கு அண்ணனைத் திட்டுவதா, அழுவதா என்று தெரியவில்லை. கிளாஸ்களை எடுத்துக் கழுவினாள்.

சனிக்கிழமை விடிந்தபோது பக்கத்தில் ஆள் இல்லை. செருப்பு இருந்தது, பழைய கேன்வாஸ் ஷூவைக் காணவில்லை. அந்தப் பதினாலு மீட்டரை இப்போது ஓடிக் கொடுக்கிறேன் என்று கிளம்பியிருந்தால் முட்டி என்ன ஆவது. முப்பத்தொன்பது சான்றிதழ் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு நடந்தாள்.

மைதானத்தில் பனி இன்னும் விலகவில்லை. மேடை ஓரத்தில் அண்ணன் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மடியில் புது டேப்பின் உருளை. எழுந்துபோய்விடாதபடி யாரோ மிரட்டி உட்கார வைத்த மாதிரி இருந்தது அவர் உட்கார்ந்திருந்த விதம். டேப் அவர் மடியிலிருந்து புறப்பட்டு வளைவை ஒட்டிப் போயிற்று. மறுமுனையில் மின்னல் மண்டியிட்டிருந்தார்.

"டிரில் மாஸ்டர் முளையையும் நம்பல, புதுசா அளக்கறேன். சைபர்லதான் பிடிச்சிருக்கேன்," என்று அங்கிருந்து குரல் கொடுத்தார். "வந்து பாக்கணும்னா வந்து பாருங்க."

"நம்பறேன் மாப்ள."

"நம்ப வேணாம். பாருங்க."

அண்ணன் எழுந்து போய்ப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார். அவள் பெட்டியை நாற்காலி மேல் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

மின்னல் முளையை அடித்துவிட்டு வந்தார். அவளைப் பார்த்தார், பார்க்காத மாதிரி அண்ணனிடம் பேசினார்.

"ஒரு கழி குடுத்தீங்க. சரியா ஒரு மீட்டர் நீளம். டேப்புல முப்பது வர்ற எடத்துல அத வச்சு, அந்தாண்ட முனையில முளை அடின்னீங்க."

"ம்."

"நான் அத வச்சு ஷூவுல ஒட்டின மண்ணச் சுரண்டிக்கிட்டிருந்தேன். ஒரு மீட்டர்தானே, எவன் பாக்கப் போறான்னு முப்பதுலயே அடிச்சுட்டுப் போயிக்கிட்டே இருந்தேன். எனக்குச் சீக்கிரம் முடிச்சுட்டு ஓடிப் பழகணும்."

"தெரியும் மாப்ள."

"தெரியுமா?"

"முளை கெடைச்ச அன்னிக்கே ஞாபகம் வந்துது."

"தெரிஞ்சுக்கிட்டேவா ரெண்டு நாளா எங்கிட்ட திட்டு வாங்கினீங்க?"

"முளைய சரிபார்க்க வேண்டியவன் நான். நீங்க சின்னப் பையன்."

மின்னல் பால் பவுடர் டின்னை எடுத்தார். சுண்ணாம்பை நிரப்பினார். பாதி காலில் கொட்டியது. கயிற்றை ஒட்டிக் குனிந்து, டின்னைத் தட்டித் தட்டிப் பின்னால் நகர ஆரம்பித்தார். பத்தடி போவதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"முழுச் சுத்துக்கும் இப்படியேதான் குனியணுமா?"

"ஆமா."

"இருபத்தேழு வருஷமாவா?"

"நடுவுல ஒரு தடவ அம்மை போட்டுது. அந்த வருஷம் இல்ல."

மறுபடி குனிந்தார். கோடு ஓர் இடத்தில் வீங்கிப் போயிருந்தது. திரும்பிப் போய் அதைக் கையால் கூட்டி அள்ளிவிட்டு, புதிதாகப் போட்டார். போட்டதை ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். திருப்தியில்லை. இன்னொரு முறை போட்டார்.

"உங்க சர்டிபிகேட்டுல என்ன அடிக்கறது?" என்றாள் அவள். "ஒன்பதுக்குள்ள குடுக்கணும்."

"முந்நூத்தி எண்பத்தாறுன்னு அடி." நிமிரவில்லை. "ஐம்பது புள்ளி எட்டு அப்படியே இருக்கட்டும்."

"எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். அந்தத் தூரத்துக்கு உலகத்துலயே என்னுதுதான் ரெக்கார்டு. வேற எவன் ஓடியிருக்கான்?"

அண்ணன் டேப்பின் பிடியைச் சுற்றிக்கொண்டே வேறு பக்கம் பார்த்தார். தோள் லேசாகக் குலுங்கியது.

நேரமாகிக்கொண்டிருந்தது. கடையைத் திறந்து, மெஷின் சூடாகி, அடித்து, ஒட்டி, ஓரம் வெட்ட வேண்டும். மைதானத்தின் குறுக்கே போனால் இரண்டு நிமிடம் மிச்சமாகும். அவள் விறுவிறுவென்று நடந்தாள்.

"பாத்து," என்றார் மின்னல் பின்னாலிருந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "கோட்ட மிதிக்காத."

அவள் நின்று, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, கோட்டைத் தாண்டிப் போனாள்.